துப்பு

"எங்கேயோ சர்க்கரை கசியுது" என்று சொல்லிவிட்டு மொத்த வியாபாரி மேனேஜர் அறையிலிருந்து எழுந்து போயிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார்.

அவள் உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். இருந்தது. பாகு பதம் தாண்டி, கருகுவதற்கு ஒரு கணம் முந்திய வாசனை.

"வருதாம்மா?"

"வருது சார்."

"எனக்கு ஒண்ணும் தெரியல." மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். வருஷம் முழுவதும் அவருக்கு ஜலதோஷம். பிஸ்கட் தொழிற்சாலையை நடத்துகிறவருக்கு மூக்கு வேலை செய்யாது என்பது அங்கே ஊரறிந்த ரகசியம்.

அவள் ருசி பார்க்கும் அறையில் இருந்தாள். அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்துக் கடித்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது வேலை. நாக்கைவிட மூக்குக்குத்தான் பேர். மாவு மூட்டைகள் வந்த லாரியில் அதற்கு முன் வெங்காயம் ஏற்றியிருந்தார்கள் என்று ஒருமுறை பிஸ்கட்டை முகர்ந்தே சொன்னாள். டிரைவர் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அவள் மூக்கக்கா.

"கண்டுபிடிச்சுக் குடும்மா" என்றார் மேனேஜர். "உங்க சூப்பர்வைசர் ஓய்வு பெறப் போறாரு. அந்த நாற்காலிக்கு வேற யாரையும் நான் தேடல."

அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்கிறவர் எல்லோர் எதிரிலும் பிஸ்கட்டைக் கடித்து, மென்று, விழுங்க வேண்டும். விழுங்கினால்தான் கடைசி ருசி தொண்டையில் தெரியும் என்பது சூப்பர்வைசரின் வேதம். அவளோ சில மாதங்களாக ஒரு பிஸ்கட்டைக்கூட விழுங்கவில்லை.

சினைப்பையில் நீர்க்கட்டி என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதா மாதம் வர வேண்டியது தன் இஷ்டத்துக்கு வந்தது, பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டது. சர்க்கரையை விடச் சொன்னார், மைதாவை விடச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார்.

"பிஸ்கட் தின்னு பாக்கறேன் டாக்டர்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவள் மென்றதைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு குவளையில் துப்பினாள். யாருக்கும் தெரியாது. தெரிந்தால், விழுங்காத ருசிக்காரி கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவள் மாதிரி என்பார்கள். மாவு சலிக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாத்தனார் தன் பங்குக்கு மாத்திரை அனுப்பியிருந்தாள். பட்டை, வெந்தயம், மஞ்சள், கருஞ்சீரகம் எல்லாம் பொடித்து அடைத்த கேப்ஸ்யூல். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கணவர் புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் கொஞ்சம் உப்புப் போட்டால் சமையலே முடிந்துவிடும் என்றார். அவர் பெயிண்டர்.

டாக்டர் தடுக்கவில்லை. "எடுக்கறதா இருந்தா அளவோட எடுங்க. ஆனா வேலை செய்யப்போறது உங்க நாக்கும் காலும்தான். நாக்கைக் கட்டுங்க, காலை அவுத்து விடுங்க" என்றார்.

நாக்கைக் கட்டியாகிவிட்டது. காலை அவிழ்த்து விட நேரமில்லாமல் இருந்தது. இப்போது வாய்த்தது.

தேடல் பாகு அறையில் தொடங்கியது. அவள் முன்னால் முகர்ந்துகொண்டு நடந்தாள். மேனேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடர்ந்தார். பாகுக்காரர் பெரிய தொட்டியைத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையிலேயே வாய் நீளமானவர் அவர்தான்.

"பாகு அறையில பாகு வாசனை வருதான்னு பாக்க வந்தீங்களா?" என்றார். "வருதும்மா. நான் சத்தியம் பண்றேன்."

"இது வேற வாசனைண்ணே. பழைய பாகு. எங்கேயோ வழிஞ்சு காஞ்சது."

"பழசுன்னா என்னைத்தான் மோந்திருப்பே."

தொட்டியைக் காலி செய்து கழுவச் சொன்னார் மேனேஜர். அன்று உற்பத்தி பாதியாகியது. மறுநாள் இருவரும் போய்ப் பார்த்தார்கள். வாசனை இருந்தது.

அடுத்து அடுப்பு. இரண்டாம் அடுப்பின் பக்கம் நின்றபோது அவளுக்கு வாசனை தெளிவாகத் தெரிந்தது. அடுப்பை அணைத்துப் புகைபோக்கியைக் கழற்றினார்கள். உள்ளே கரியும், என்றோ செத்துப்போன ஒரு புறாவும் இருந்தன. சர்க்கரை இல்லை. பிறகு வாசனை பேக்கிங் பிரிவில் இருந்தது. அங்கே தரையை உடைத்துச் சாக்கடைக் குழாயைப் பார்த்தார்கள். குழாய் சுத்தமாக இருந்தது. பிறகு, சர்க்கரையே போகாத அட்டைப்பெட்டி கிடங்கிலும் இருந்தது.

ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவள் மூக்கை நுழைத்த இடமெல்லாம் வேலை நின்றது. அவள் வருவதைக் கண்டாலே மிஷின்காரர்கள் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓவர்டைம் போன கோபத்தில் ஒருத்தி, அந்த மூக்கு எந்த வியாழக்கிழமை அறுபடுமோ என்றாள். ஏன் வியாழக்கிழமை என்று யாரும் கேட்கவில்லை.

"துப்பு ஏதாவது கிடைச்சுதாம்மா?" மேனேஜர் தினமும் கேட்டார்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் குவளை ஞாபகம் வந்தது.

இந்த அலைச்சலுக்கு நடுவிலும் ஒன்று மட்டும் தவறாமல் நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜர் வீட்டம்மா போன் செய்வார். மேனேஜர் அறையில் யாரும் எடுக்காவிட்டால் அது ருசி அறையில் ஒலிக்கும். "அவரு சாப்பிட்டாச்சான்னு கேளும்மா" என்பார். அவள் போய்க் கேட்பாள். "ஆச்சுன்னு சொல்லு" என்பார் மேனேஜர், எங்கோ பார்த்துக்கொண்டு. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இப்படி ஒரு மனைவியா என்று பேக்கிங் பிரிவுப் பெண்கள் வியந்தார்கள். அவளுடைய கணவர் ஒரே ஒருமுறை தொழிற்சாலைக்குப் போன் செய்திருந்தார், ஏணி எங்கே இருக்கிறது என்று கேட்க.

ஒருநாள் அவள் தந்திரம் ஒன்று செய்தாள். காலையில் யாரும் வருமுன் வந்து, தனியாக எல்லா இடத்தையும் சுற்றினாள். எங்கும் வாசனை இல்லை. பாகு அறையில் பாகு மணத்தது, அடுப்பறையில் நெருப்பு மணத்தது, கிடங்கில் அட்டை மணத்தது. மேனேஜர் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னாள், வாசனை போய்விட்டது என்று. அவர் நேரில் பார்க்க உடனே கிளம்பினார். பாகு அறைக்குள் இருவரும் நுழைந்தார்கள். வாசனை இருந்தது.

மேனேஜர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"ஆள் வர்றதுக்கு முன்னாடி இல்ல. ஆள் வந்தப்புறம் இருக்கு. அப்ப இது கசிவு இல்லம்மா. ஆள் வேலை."

அவர் பார்வை பாகுக்காரர் மேல் போய் நின்றது. பாகுக்காரர் துடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. எடை குறைந்திருந்தது. ஆனால் முகம் வாடியிருக்கிறதே என்று டாக்டர் கேட்டதும், அவள் வாசனைக் கதையை முழுதாகச் சொன்னாள். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு அந்த மாத்திரையில் என்னென்ன இருக்கிறது என்று மறுபடி கேட்டார்.

"வெந்தயம் அதிகமாப் போனா வேர்வையில அந்த வாசனை வரும்மா. அசல் பாகு மாதிரியே இருக்கும். தப்பு ஒண்ணுமில்ல. அவங்கவங்க வாசனை அவங்கவங்களுக்குத் தெரியாது, அதுதான் சங்கடம்."

அதற்குமேல் டாக்டர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. காலி செய்த தொட்டி, கழற்றிய புகைபோக்கி, உடைத்த தரை, செத்த புறா எல்லாம் வரிசையாக வந்து அவள் எதிரில் நின்றன. அவள் போன இடமெல்லாம் வாசனை இருந்தது. போன இடமெல்லாம் இருந்தது அவள்தான். காலையில் வேர்ப்பதற்கு முன்னால் இல்லாமல் போனதும் சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் எதிரில் போய்க் கழுத்தைச் சாய்த்தாள்.

"மோந்து பாருங்க."

அவர் தினசரியை மடித்து வைத்துவிட்டு அக்கறையாக முகர்ந்தார். "ஒண்ணும் வரலையே."

"நல்லா பாருங்க. பாகு மாதிரி."

"உன் கழுத்து உன் கழுத்து மாதிரிதான் இருக்கு."

அதை நம்ப முடியாது. பெயிண்ட்டில் கலக்கும் தின்னரை முகர்ந்தே தேய்ந்த மூக்கு அது. போன வருஷம் கேஸ் கசிந்தபோதும் ஒண்ணும் வரலையே என்றவர்தான்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். வாசனை வந்தால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம், இனி இரண்டிரண்டாகப் போடு என்றாள் அவள். இவள் புட்டியை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்தாள். சும்மா இருக்கவும் முடியவில்லை. வாசனையுள்ள சோப்பை வாங்கித் தேய்தேய் என்று தேய்த்தாள். கழுத்திலும் கையிலும் ரோஜாப் பவுடரைக் கொட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று உப்பு பிஸ்கட்டைக் கடித்த சூப்பர்வைசர், மென்று, விழுங்கி, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"ரோஜாப்பூ" என்றார்.

அந்தத் தட்டுகள் எல்லாம் தள்ளுபடியாயின. மேனேஜர் வந்தார். பழைய வாசனையும் போகவில்லை, அவளுக்கே தெரிந்தது. இப்போது சோப்பு வாசனை வேறு. சர்க்கரையை எங்கோ கொட்டிவிட்டு, தடயம் தெரியாமல் இருக்க எவனோ சோப்புப் போட்டுக் கழுவுகிறான் என்று மேனேஜர் முடிவு கட்டினார். சர்க்கரையும் தண்ணீரும் ஒருவர் கையில்தான் இருந்தன. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பாகுக்காரருக்குச் சாயங்காலம் சொல்லப்போவதாகச் செய்தி பரவியது.

பாகுக்காரர் அறைக்கு வெளியே ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் கோபித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"துப்பு கிடைச்சிடுச்சாமே" என்றார். "பாகு பதம் தப்பினா என் குத்தம். ஒத்துக்கறேன். காத்துல வர்றதுக்கும் நானா பதம் பாக்க முடியும்?"

அவள் டின்னின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல இன்னும் சொல்லல. சொன்னா, உன் வாயாலதான் போயிருக்கும் வேலைன்னு சொல்லுவா. முதல் தடவையா மூக்கால போகுதுன்னா நம்பமாட்டா."

அவள் எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். போகும் வழியில் சூப்பர்வைசரின் காலி நாற்காலி தெரிந்தது. பார்க்காமல் நடந்தாள்.

"சார், அந்த வாசனை நான்தான்."

மேனேஜர் நிமிர்ந்தார். அவள் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். நீர்க்கட்டி, சர்க்கரையை விட்டது, மாத்திரை, வெந்தயம், வேர்வை, ரோஜாப் பவுடர். பாகுக்காரர்மேல் தப்பில்லை என்றாள். சொல்ல வந்ததோடு சொல்லிவிடலாம் என்று குவளையையும் சொன்னாள்.

"விழுங்கறதில்ல சார். துப்பிடறேன்."

மேனேஜர் குவளையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"வெந்தயமா?" என்றார்.

"ஆமா சார்."

"வேர்வையில வருமா?"

"டாக்டரே சொன்னாங்க."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரருக்குத் தெரியும். அவருக்கு மூக்கு கிடையாது சார்."

"நிறுத்தினா எத்தனை நாள்ல போகும்?"

"தெரியல சார். நான் நிறுத்திட்டேன். இன்னும் போகல."

"நிறுத்தாமலே போக வழி இருக்கான்னு டாக்டரைக் கேட்டியா?"

அவளுக்குக் கண் கலங்கியது. கூடப்பிறந்தவர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. கேட்கவில்லை என்று தலையாட்டினாள். கேட்டுக்கொண்டு வரும்படி அவர் மெல்லிய குரலில் சொன்னார்.

"வேணும்னா மாவுப் பிரிவுக்குப் போயிடறேன் சார். இல்லேன்னா லீவு போடறேன்."

"லீவா?" மேனேஜர் பதறினார். "லீவெல்லாம் போடவே கூடாது. நீ இங்கேயே இருக்கணும். மாத்திரையையும் விடாதே. உடம்புதாம்மா முக்கியம். தினமும் என்கூட ரவுண்ட்ஸ் வா. நாலு பேர் பாக்கட்டும்."

"பிஸ்கட்டை விழுங்காம அந்த நாற்காலி எப்படி சார்..."

"துப்பிக்கோ. யார் வேண்டாம்னா."

ஷிப்ட் மாறும்போது மேனேஜர் எல்லோரையும் கூட்டினார். எங்கும் கசிவு இல்லை, யார்மேலும் தப்பில்லை, அது ஒருவர் சாப்பிடும் மருந்தின் வாசனை, உடம்பு சரியில்லாதவர்களை யாரும் கேலி செய்யக் கூடாது என்றார். பேரைச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

பாகுக்காரர் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். விஷயம் முழுவதும் தெரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"துப்பறியச் சொன்னா, ஊரெல்லாம் துப்பிக்கிட்டுத் திரிஞ்சிருக்கா" என்றார். பிறகு கிட்டே வந்து, குரலை இறக்கி, "என் தொழிலுக்கே போட்டியாம்மா" என்றார். அன்றோடு மூக்கக்கா என்ற பேர் போய்ப் பாகக்கா என்ற பேர் வந்தது. அவள் அதைச் சுமந்துகொண்டாள். ஒருவர் வேலையைக் காப்பாற்றிய பேர் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு தினமும் ரவுண்ட்ஸ். பாகு அறை, அடுப்பு, பேக்கிங், கிடங்கு என்று மேனேஜர் அவளை அழைத்துக்கொண்டு தொழிற்சாலையை வளையவந்தார். எவராவது மூக்கைச் சுளித்தால் உடனே அவள் பக்கம் திரும்பி, "பாவம், மருந்து" என்பார். இப்படி ஒரு மனுஷனா என்று அவள் வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மேனேஜர் பேச்சு வந்தாலே கணவர் பிரஷ்ஷைக் கழுவப் போய்விடுவார்.

அடுத்தமுறை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் மலர்ந்தார். மாதா மாதம் வர வேண்டியதும் வந்திருந்தது. எங்கே நடக்கிறீர்கள் என்று கேட்டார். மேனேஜர் பின்னால் என்றாள் அவள். மாத்திரையோ, நடையோ, எதுவானாலும் விடாதீர்கள் என்றார் டாக்டர். நிறுத்தாமல் வாசனை மட்டும் போக வழி உண்டா என்று மறக்காமல் கேட்டாள். அளவைக் குறைத்துப் பார்க்கலாம், நீங்கள் எடுக்கிற இந்த ஒன்றிரண்டில் அவ்வளவு வாசனை வருவதே அதிசயம்தான் என்றார் டாக்டர். மேனேஜரிடம் அதை அப்படியே சொன்னாள். அவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். குவளை இப்போது மேஜை மேலேயே இருந்தது.

உட்கார்ந்த முதல் நாள் மதியம் போன் ஒலித்தது. மேனேஜர் கிடங்குப் பக்கம் போயிருந்தார்.

"அவரு சாப்பிட்டாச்சாம்மா?"

"ஆச்சுங்கம்மா. டப்பாகூடக் கழுவி வச்சாச்சு."

"டப்பாவை யாரு கேட்டா? மாத்திரைம்மா. இத்தனை நாளா மாத்திரையைத்தானே கேக்கறேன். இன்னிக்குப் புட்டியை மேஜையிலேயே வச்சிட்டுப் போயிட்டாரு. குடுத்தனுப்பியிருக்கேன், வந்ததும் அவர் கையில குடு. வேளைக்கு நாலு."

"என்ன மாத்திரைங்கம்மா?"

"வெந்தயந்தான்."

அவளுக்கு முதலில் எதுவும் தோன்றவில்லை. பிறகு மொத்த வியாபாரி உட்கார்ந்திருந்த அந்த நாற்காலி தோன்றியது. அவங்கவங்க வாசனை அவங்கவங்களுக்குத் தெரியாது. அவளுக்கு அந்த வாசனை அன்றைக்கே, மூச்சை இழுத்தவுடனே தெரிந்திருந்தது. கிடங்குப் பக்கமிருந்து மேனேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் வாசனை வந்து சேர்ந்தது.

போனில் அந்தம்மா குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா. பிஸ்கட் கம்பெனி மேனேஜருக்கே சர்க்கரைன்னா ஊரு சிரிக்கும்."